இரண்டு விரல்களுக்கு ஓர் அச்சு

எங்கள் வீட்டில் ரெசின் வேலையை ஆரம்பித்தவள் நான். அதை அழகாகச் செய்தவள் அக்கா.

நான் டிப்ளமாவில் படித்தது பிளாஸ்டிக் தொழில்நுட்பம். வேலை கிடைத்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில். நாங்கள் இருக்கும் திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ், பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகப் போகும். ஒவ்வொரு ரப்பர் கலவையிலும் ஒரு துண்டை வெட்டி, சூடான இயந்திரத்தில் வைத்து, எத்தனை நிமிடத்தில் அது இறுகுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். ரப்பரை இறுக வைப்பது கந்தகம். அந்த மஞ்சள் பொடி என் நகக்கண்ணில், சீருடையின் கைமடிப்பில், டிபன் பையின் ஜிப்பில் எல்லாம் இருக்கும். என் துணிகளை அம்மா தனியாகத்தான் துவைப்பார்.

அக்கா அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினாள். தகட்டை வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. அங்கே எல்லோரும் ஒரு பொத்தானில் அட்டையை மடித்துச் செருகிவிட்டு, மற்றதை மட்டும் அழுத்தி ஓட்டினார்கள். அப்போதுதான் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை முடியும். அக்காவும் அப்படித்தான் ஓட்டினாள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு நின்றுவிட்டன.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவள் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் வலது கை துப்பட்டாவுக்குள் போய்விடும்.

அவளுக்காக நான் ரெசின் வாங்கினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அது உண்மையில்லை. எனக்காகத்தான் வாங்கினேன். நாள் முழுக்கக் கறுப்பு ரப்பரையே பார்ப்பவளுக்கு, கண்ணாடி மாதிரி ஒன்றைச் செய்ய ஆசையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சமையலறை மேடையில் பழைய காலண்டர் தாளை விரித்து, இரண்டு திரவங்களையும் தராசில் நிறுத்து, ஐஸ் குச்சியால் கலக்குவேன். ஒவ்வொரு தோல்வியையும் நோட்டில் எழுதினேன்: வேகமாகக் கலக்கினால் குமிழி. மழை நாளில் ஊற்றினால் மேலே பால் போல மூட்டம். ஆழமான அச்சில் ஒரேயடியாக ஊற்றினால் சூடாகி, விரிசல் விட்டு, மஞ்சளாகிவிடும். கடையில் விற்கும் அச்சுகள் சலித்துப்போனபோது, வெள்ளை அச்சு ரப்பர் வாங்கி நானே சிலிக்கோன் அச்சு செய்தேன். முதல் அச்சு ஒரு புளியங்கொட்டையிலிருந்து எடுத்தது. கொட்டையின் பளபளப்புகூட அச்சில் இறங்கியிருந்தது. அந்த ஞாயிறு முழுவதும் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அக்கா முதலில் கட்டிலில் உட்கார்ந்து குறை மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து வந்து, இடது கையில் கிடுக்கியை எடுத்தாள். பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் பித்தளை கடையும்போது விழும் சுருள்களை வாங்கி வரச் சொல்லி, புளியங்கொட்டை அச்சில் ஊற்றிய காதுத் தோட்டுக்குள் ஒவ்வொரு சுருளாக நிறுத்தினாள். நான் வைத்தால் அது குப்பை விழுந்த மாதிரி இருக்கும். அவள் வைத்தால் அங்கேயே முளைத்த மாதிரி இருக்கும்.

என் கம்பெனிப் பெண்கள் சிலர் வாங்கினார்கள். பிறகு திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு பேன்சி ஸ்டோரில் காட்டலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம். அவ்வளவு நாளுக்குப் பிறகு அக்கா செருப்பு மாட்டியதைப் பார்த்து அம்மா உள்ளே போய்விட்டார்.

கடையைப் பார்த்துக்கொண்டது ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா. தோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, உள்ள தங்கமா?"

"தங்கம்னு நெனச்சி வாங்கினா நாங்க இன்னா பண்ண முடியும்?" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். அதற்குள் ஒரு கல்லூரிப் பெண் கிளிப் கேட்டு வந்து எதை எடுப்பது என்று தடுமாற, அக்கா அங்கேயே நின்றபடி, "உனுக்கு முடி அடர்த்திம்மா, இது ரெண்டு நாள்ல பூடும், அத எடு" என்றாள். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளையல் கவுன்டருக்கு ஆள் தேடிக்கினு இருக்கேன். வரியா?"

அக்கா சந்தோஷத்தில் மறந்துபோய் வலது கையை மேடைமேல் வைத்துவிட்டாள்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. மேடைமேல் கிடந்த தோடுகளை ஒதுக்கி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதம்மா. வளையல் போட வர்றவங்க மொதல்ல போட்டு வுடற கையத்தான் பாப்பாங்க. அதுவும் நல்லது கெட்டது பாக்குற எடம் இது. ஏதாச்சும் மாட்டிக்க முடியுமான்னு பாரேன். ஆடி அமாவாசைக்குக் கோயில் கூட்டம் தாங்காது. அதுக்குள்ள வந்தின்னா எடம் உனுக்குத்தான்."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அக்கா கேட்டாள், "மாட்டிக்கிறதுன்னா இன்னாடி? சட்ட மாதிரியா?"

"விரல் செய்யலாம். சிலிக்கோன்ல."

"யாரு செய்வா?"

"நான்தான்."

"நீ செஞ்ச தோடுலயே பாதி குமிழி."

ஆடி அமாவாசைக்கு மூன்று வாரம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் செய்து தருவார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்தோம். வரிசை நீளம், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். எனவே நான் நோட்டில் ஒரு புதிய பக்கம் திருப்பினேன்.

அக்காவின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இருக்கின்றன, ஆனால் அவற்றை அச்செடுத்தால் வரும் விரல்களின் வளைவு வலது கைக்கு ஒத்துவராது. என் வலது கை விரல்கள் ஏறக்குறைய அவள் அளவுதான். ஆகவே என் கையையே அச்செடுத்தோம். பல் டாக்டர்கள் அச்செடுக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்து, டப்பாவில் ஊற்றி, அதற்குள் கையை விட்டு, அசையாமல் வைத்திருந்தேன். கையை உருவிய பிறகு, உள்ளே இருந்த பள்ளத்தில் உருக்கிய மெழுகை ஊற்றினோம். என் இரண்டு விரல்கள் மெழுகில் வந்தன. நடுவிரலில், கம்பெனியில் சூடான தகடு பட்ட தழும்புகூட அப்படியே இருந்தது.

மெழுகு விரலைச் சுற்றி பிளாஸ்டரில் இரண்டு பாதியாக ஓர் அச்சு. அச்சுக்கு நடுவில், அக்காவின் விரல் அடிக்கணுவைப் போல ஒரு சிறு பிளாஸ்டர் முளை, விரல் உள்ளே கூடாக வர வேண்டும் என்பதற்காக. அதற்குள் தோல் நிறம் கலந்த சிலிக்கோன். உடம்பில் படலாம் என்று விற்கும் சிலிக்கோன் அது. நான் அதுவரை அச்சு செய்த வெள்ளை ரப்பர் வேறு வகை. கூடவே வந்த தாளை இரண்டு முறை படித்தேன். கந்தகம் பட்டால் இது இறுகாது என்று எழுதியிருந்தது. கந்தகம் கலந்த களிமண்ணைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் இருந்தது. நாங்கள் களிமண்ணைத் தொடவில்லை, மெழுகுதான். என் கையிலும் கந்தகம் இருக்குமே என்று யோசித்து, கவனமாகக் கையுறை போட்டுக்கொண்டேன். கம்பெனிப் பரிசோதனைக் கூடத்தில் பெட்டி பெட்டியாக இருக்கும் மெல்லிய வெள்ளைக் கையுறைகள். சிலவற்றைக் கொண்டு வந்திருந்தேன். நோட்டில் 'கந்தகம்' என்று எழுதி, பக்கத்தில் டிக் போட்டேன்.

முதல் தடவை அச்சைத் திறந்தபோது விரல் வரவில்லை. ஆறாத அல்வா மாதிரி ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. கலவை விகிதம் தவறியிருக்கும் என்று எழுதினேன். இரண்டாம் தடவை தராசை மாற்றினேன். உள்ளே கொஞ்சம் இறுகி, மேல்தோல் மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. பிளாஸ்டரில் ஈரம் இருந்திருக்கும் என்று அதை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். மூன்றாம் தடவைக்குப் புதிய கையுறை ஜோடி எடுத்து, அச்சின் உட்புறத்தை அந்தக் கையாலேயே இன்னும் நன்றாகத் துடைத்தேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக வந்தது.

ஒவ்வொரு தடவையும் அக்கா பிசுபிசுப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தாள். மூன்றாம் தடவை மட்டும், "உடுடி, அவங்க வேற ஆள் பாத்துக்கட்டும்" என்றாள். சொன்ன பிறகும் காலண்டரில் அமாவாசையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். புட்டிகளில் இரண்டு விரலுக்கும் கொஞ்சம் கூடுதலுக்குமான அளவுதான் மீதி இருந்தது. மறுபடி ஆர்டர் போட்டால் நாளுக்குள் வந்து சேராது.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஜன்னலில் ஒரு தண்ணீர் புட்டி மூடி இருந்தது. மூடிக்குள் வட்டமாக, மாநிறத்தில், இறுகிய சிலிக்கோன். விரலால் அழுத்தினேன். உள்ளே போய் மேலே வந்தது. ஒட்டவில்லை.

"இத யாரு ஊத்துனது?"

"நான்தான். கலரு கொஞ்சம் செவப்பா இருக்குற மாதிரி இருந்துச்சி. மாத்திப் பாக்கலாம்னு துளி கலக்குனேன். திட்டாத, துளிதான்."

"இது இறுகியிருக்கு."

"ஆமா, இறுகிச்சி. இறுகத்தான இத்தினி நாளா அடிச்சிக்கினு இருக்கோம்?"

"கையுறை போட்டியா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மூணு விரல் கைக்கு இன்னாத்துக்குடி க்ளவுஸு? ரெண்டு விரலு காலியா தொங்கி சிலிக்கோன்ல வுழும்."

நான் சீருடையை மாற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கையுறைகள் ரப்பர் பாலில் செய்தவை. ரப்பர் பாலையும் கந்தகம் போட்டுத்தான் இறுக வைப்பார்கள். என் கையிலிருக்கும் கந்தகம் படாமல் இருக்க நான் போட்டது, கந்தகத்திலேயே செய்தது. கந்தகத்தைத் தினமும் எட்டு மணி நேரம் அளந்து சம்பளம் வாங்குகிறவள் நான். மெழுகைத் தடவியது, அச்சைத் துடைத்தது, கலக்கியது எல்லாம் அந்தக் கையுறையால்தான். பட்டியலில் டிக் போட்ட வரியை நான் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அப்ப நீ தொடாத, அவ்ளோதான?" என்றாள்.

அந்த ஞாயிறு நான் சமையலறை வாசல்படிக்கு வெளியிலேயே நின்றேன். மெழுகையும் பிளாஸ்டரையும் முதலிலிருந்து அக்காவே செய்தாள். அச்செடுக்க மட்டும் நான் கையைச் சோப்பு போட்டு நாலு முறை கழுவிவிட்டுப் போய் நீட்டினேன். பிறகு வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் புட்டியை அக்குளில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகினாள். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குச்சியைப் பிடித்து, மெதுவாக, குமிழி வராமல் கலக்கினாள். இல்லாத விரல்களை அந்தக் கையே செய்துகொண்டிருந்தது. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. நகம் அவள் யோசனை. சிலிக்கோனில் நகம் பொம்மை மாதிரி இருக்கிறது என்று, ரெசினைத் துளி ரோஸ் நிறத்தில் மெல்லிய தகடாக ஊற்றி, வளைத்து, அதைப் பதித்தாள்.

மறுநாள் மாலை நான் வந்த பிறகுதான் அச்சைத் திறந்தோம். இரண்டு விரல்களும் முழுசாக வந்தன. அடிக்கணுவில் மாட்டினாள். இறுக்கமாக உட்கார்ந்தன. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா தழும்பைத் தடவிப் பார்த்தாள். "வெரலு குடுத்த சரி. உன் சூட்டுக் காயத்தையும் ஏன்டி சேத்துக் குடுத்த?"

"சேர்த்துதான் வரும். தனியா கழட்ட முடியாது."

அன்று சோதனை என்று நான் சொன்னதையெல்லாம் செய்தாள்: கதவைத் திறந்தாள், டம்ளரைத் தூக்கினாள், என் கையில் வளையல் போட்டாள், கழற்றினாள். இழுத்தும் பார்த்தேன், கழலவில்லை. இத்தனையும் மின்விசிறி ஓடும் அறையில்தான்.

ஆடி அமாவாசையன்று விடுப்பு எடுத்தேன். அதிகாலையிலிருந்தே ரயில் ரயிலாகக் கூட்டம். கோயில் குளத்தில் வேண்டுதலுக்கு வெல்லம் கரைத்துவிட்டு, பெரியவர்களுக்குத் திதி கொடுத்துவிட்டு, ஈரத் தலையோடு ஜனங்கள் கடைத்தெருவில் நகர இடமில்லாமல் வந்தார்கள். கடைக்காரம்மா அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்து, "அடேங்கப்பா, எங்க செஞ்சீங்க?" என்றார். "ஊட்லதான்" என்றாள் அக்கா. அவர் நம்பவில்லை. ஆனால் கவுன்டருக்குப் பின்னால் விட்டார். நான் கிளிப் மாட்டியிருந்த கம்பிக்குப் பக்கத்தில், வாங்க வந்தவள் போல நின்றேன்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. அக்காவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "கைய லூசா வுடும்மா, கல்லு மாதிரி வச்சிக்கினு இருந்தா எப்டி ஏறும்?" "இந்தப் பச்ச உங்க வூட்டுக்காரருக்கே புடிக்கும், எடுங்க." ஒரு வருடமாக வீட்டுக்குள் கேட்காத குரல் அது. கடையில் விசிறி இருந்தது, ஆனால் கூட்டத்தைத் தாண்டி அவளுக்குக் காற்று வரவில்லை. அவள் நெற்றியிலிருந்து வியர்வை தாடை வழியாகச் சொட்டியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாவுக்குக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். உழைத்த கை, கணு பெரியது. அக்கா அந்தக் கையை அமுக்கிப் பிடித்து, நான்கு வளையலைச் சேர்த்து ஏற்றி, தன் கையை உருவினாள். மோதிர விரல் வரவில்லை. அது அந்த அம்மாவின் மணிக்கட்டில், இரண்டு வளையலுக்கு நடுவில் செருகி நின்றது, ரோஸ் நகத்தோடு.

பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ, "அய்யோ வெரலு, வெரலு" என்று கத்த, பின்னாலிருந்தவர்கள் என்ன என்று தெரியாமல் முன்னே தள்ளினார்கள். ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். அந்த அம்மா மட்டும் கத்தவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"நோவுதாம்மா?" என்று கேட்டார்.

"நோவாதும்மா," என்றாள் அக்கா. "அது என் வெரலு இல்ல."

அந்த அம்மா விரலை உருவி, முந்தானையால் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். மற்ற விரலையும் தானே கழற்றி, இரண்டையும் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த அம்மாவின் இன்னொரு கைக்கு வளையல் போட ஆரம்பித்தாள். மூன்று விரலால் போட்டாள். உடையாமல் ஏறியது. ஆனால் அதற்குள் கவுன்டருக்கு முன்னால் வெற்றிடம் விழுந்துவிட்டது. ஜனங்கள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த கவுன்டருக்குப் போனார்கள்.

கடைக்காரம்மா வந்து அவள் தோளில் கை வைத்தார். "நீ கொஞ்சம் மாடிக்குப் போம்மா. ஸ்டாக்கு வந்திருக்கு, ஸ்டிக்கர் ஒட்டணும்."

என் பட்டியலில் வியர்வை இல்லை. விகிதம், ஈரம், கந்தகம், நிறம், நகம், இழுவை எல்லாம் இருந்தன. ஆடி மாதத்துக் கூட்டத்தில் ஒரு கை வியர்க்கும் என்பது இல்லை. வழுவழுப்பான கூட்டுக்குள் நனைந்த தோல் வழுக்கும் என்பதற்குப் படிப்பு தேவையில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து திருத்தங்களை எழுதினேன். கூட்டின் உட்புறத்தில் வரிவரியாகப் பள்ளம். தோலில் ஒட்டும் மருத்துவப் பசை. அடியில் ஒரு மோதிரம் போட்டு இறுக்கலாம். பார்வைக்கும் நன்றாக இருக்கும். மோதிரத்தை ரெசினில் நாமே செய்யலாம் என்றுகூட எழுதினேன். மாலையில் அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். படித்தாள். எல்லா வரியையும் படித்தாள்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்க," என்றாள். "ஆனா வேணாம்டி."

"இந்தத் தடவை கழலாது."

"கழலாதுடி. கழலாம மாட்டிக்கினு, எப்ப கழலும் எப்ப கழலும்னு நான் நின்னுக்கினு இருக்கணும். நேத்து ஒரு மணி நேரம் அப்டித்தான் நின்னேன். நீ நெனைக்கிற, நான் ஜாலியா பேசிக்கினு இருந்தேன்னு."

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தீபாவளி வரை அவள் அந்தக் கடையின் மாடியில் விலைச் சீட்டு ஒட்டினாள். வாடிக்கையாளர் யாரும் வராத இடம். அங்கே விரல்கள் தேவைப்படவில்லை. எங்கள் தோடுகளைக் கடைக்காரம்மா கீழே ஓர் ஓரத்தில் தொங்கவிட்டிருந்தார், விற்றன. இன்னும் செய்து தரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரெசினைக் கலக்கி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிடுவேன். வருவாள், கிடுக்கியை எடுப்பாள், மனமில்லாமல் இரண்டு சுருள் வைப்பாள். மூன்றாவதற்குள் ரெசின் கெட்டியாகத் தொடங்கியிருக்கும். பிறகு நானே வைத்துப் பார்த்தேன். அவை விற்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு ஸ்டாக் குறைந்தது என்று கடையில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தை மாதம், கும்மிடிப்பூண்டியில் ஆள் எடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் கம்பெனி பஸ்ஸிலேயே வந்தாள். அந்த ஆள் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பது போலவே, நிமிராமல் சொன்னார்:

"ரெண்டு கையையும் மேஜ மேல வைய்யி."

அக்கா வைத்தாள். அவர் பேனா முனையால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"எட்டு. மெஷினுக்கு ஆவாது." தாளில் எழுதினார். "பேக்கிங்குக்குப் போதும். செகண்ட் ஷிப்டு. நாளைக்கே வந்துடு."

"சரிங்க," என்றாள் அக்கா.

நான் வேலைக்குப் போன பிறகு அவள் கிளம்புகிறாள். அவள் திரும்பும்போது நான் தூங்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அவள் எழுந்திருப்பதில்லை. சமையலறையை ஒட்டித்தான் அவள் கட்டில், சத்தம் கேட்டால் விழித்துவிடுவாள் என்று நான் ரெசின் சாமான்கள் இருக்கும் மேடைப் பக்கம் போவதில்லை. போன வாரம் அம்மா அந்த இடத்தைக் கழுவிவிட்டு, மிக்ஸியை அங்கே எடுத்து வைத்தார்.